முற்றத்தில் கேட்ட நடவுப் பாட்டு

மாசி மாதம் டெல்டாவில் கொஞ்சம் கை ஓய்ந்திருக்கும் காலம். சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அறுப்புக்குச் சில நாள் முன்னதாகவே ஈர வயலில் தெளித்துவிட்ட உளுந்தும் பச்சைப் பயறும் தாளுக்கு நடுவே தலையெடுத்திருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களை ஒரு மாலை முழுவதும் ஓரிடத்தில் இருத்திப் பாடச் சொல்ல வேண்டுமென்றால், இந்தச் சில வாரங்களை விட்டால் ஆண்டில் வேறு காலம் கிடைப்பது அரிது. கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில், நண்பர் ஒருவர் தம் பூர்விக வீட்டில் நாட்டுப்புறப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு கூடலை இந்த மாசியில் ஏற்பாடு செய்திருந்தார்.

கேட்க வந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். திண்ணை, ரேழி என்கிற நுழைவு நடை, கூடம், நடுவில் வானம் தெரிகிற முற்றம், பின்னால் கொல்லை என்று அமைந்த பழைய வீடு அது. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் பாய் விரித்து நாங்கள் உட்கார்ந்துகொண்டோம். பாடுகிறவர்கள் முற்றத்தில் இருந்தார்கள். ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பதில் நண்பர் உறுதியாக இருந்தார். வந்தவர்களில் சிலருக்கு அது குறையாகத் தெரிந்தது. அந்த ஒரு முடிவினால்தான் அந்த மாலை நான் கேட்ட மற்ற நிகழ்ச்சிகளிலிருந்து முற்றிலும் வேறாக அமைந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் வந்து சேர்ந்தவர்கள் தப்புக் கலைஞர்கள் மூவர். வளைவாகச் செதுக்கிய மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்து வட்டச் சட்டமாக்கி, அதன்மேல் மாட்டுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, வார் போட்டு இழுத்துக் கட்டிய கருவி தப்பு. தோல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கினால் தளரும். தளர்ந்தால் ஓசை அமுங்கிவிடும். மாசிப் பனி இறங்கத் தொடங்கியிருந்தபடியால் வாசலில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார்கள். மூவரில் இளையவர் தப்பின் முகத்தைத் தீக்கு நேரே காட்டி, மெல்லச் சுழற்றி, விலக்கி, விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே கொண்டுபோய்க் கேட்டார். திருப்தி இல்லாமல் மறுபடியும் காட்டினார். கட்டைத் தீ நின்று எரிவதால் சட்டத்தைக் கருக்கிவிடும் என்றும், வைக்கோல் தீ குப்பென்று எழுந்து உடனே அடங்கிவிடுவதால் தோல் மட்டும் சூடேறும் என்றும் மூத்தவர் விளக்கினார். மூன்று தப்புகளும் ஏறக்குறைய ஒரே சுதிக்கு வரும் வரை அவர்கள் அவசரப்படவில்லை. மேடை நிகழ்ச்சிகளில் இந்த வேலையெல்லாம் பந்தலுக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடும், நாம் பார்ப்பதில்லை.

இடத் தோளில் மாட்டி மார்போடு சாய்த்துக்கொண்டு, இடக்கையில் நீண்டு மெலிந்த மூங்கில் சிம்பும், வலக்கையில் குட்டையாகத் தடித்த பூவரசங் குச்சியும் பிடித்து வாசிக்கிற கருவி தப்பு. திறந்த வெளியில் ஊர் முழுவதும் கேட்கிற அதன் ஓசை, நான்கு சுவருக்குள் பாடகிகளின் குரலை மூழ்கடித்துவிடும். எனவே அவர்கள் முற்றத்துக்குள் வராமல் ரேழியிலேயே நின்று, பாட்டு நடக்கும்போது பெரும்பாலும் மூங்கில் சிம்பை மட்டும் விளிம்போரமாக ஓட்டி, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மட்டும் பூவரசங் குச்சியை முழுதாக இறக்கினார்கள். ஒலியை அளவுபடுத்த யாரும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கவில்லை. வாசிக்கிறவர்களே பாடுகிறவர்களின் வாயைப் பார்த்து அளந்து வாசித்தார்கள். தப்பை முரட்டுக் கருவி என்று நினைத்திருப்பவர்கள் இந்த அடக்கமான வாசிப்பை ஒரு முறையேனும் அருகிலிருந்து கேட்க வேண்டும்.

பெண்கள் ஆறு பேர். எல்லாரும் அக்கம்பக்கத்து ஊர்களில் நடவுக்குப் போகிறவர்கள். மூத்தவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். மற்றவர்கள் அவரை ஆயா என்றார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். முதலில் பாயில் உட்கார்ந்து ஒரு நடவுப் பாட்டை எடுத்தார்கள். இரண்டு அடிக்குள் பாட்டு தடுமாறி நின்றுவிட்டது. மறுபடி தொடங்கியபோதும் அப்படியே ஆயிற்று. ஆயா எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, “ஒக்காந்துக்கிட்டுப் பாடுனா பாட்டு வரமாட்டேங்குது தம்பி, நாங்க எந்திரிச்சுக்கிறோம்” என்றார். ஆறு பேரும் முற்றத்தில் வரிசையாக நின்று, இடுப்பை வளைத்துக் குனிந்து, இடக்கையில் நாற்று முடியைப் பிடித்திருப்பதாகவே பாவித்து, வலக்கையால் தரையைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தார்கள். அந்தக் கணமே பாட்டு வந்துவிட்டது.

அதற்கு முன் நடவுப் பாட்டை நான் பதிவுகளில் கேட்டிருக்கிறேன். அடிகள் ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கின்றன, ஒரே அடியை ஏன் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. நான்கு முழத் தொலைவில் உட்கார்ந்து பார்த்தபோது அது தெளிவாயிற்று. குனிந்து நிற்பவரின் வயிறு மடிந்திருக்கும். நீண்ட அடியைப் பாட மூச்சு போதாது. ஒருத்தி எடுத்துக் கொடுத்த அடியை மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற நேரத்தில்தான் அவளுக்கு மூச்சு வாங்கவும் அடுத்த அடியை யோசிக்கவும் இடம் கிடைக்கிறது. விரல்கள் நாற்றைச் சேற்றில் ஊன்றுகிற இடமும் அடியின் அழுத்தம் விழுகிற இடமும் ஒன்றே. பாட்டின் வேகம் கூடினால் வரிசையின் வேகமும் கூடும். யாராவது பின்தங்கினால் எடுத்துக் கொடுப்பவள் ஓர் அடியை இழுத்துப் பாடி அவளைச் சேர்த்துக்கொள்வாள். அன்று நான்காமவராக நின்ற அக்காவுக்கு முழங்கால் வலி. அவருக்காக ஆயா இழுத்துப் பாடிய இரண்டு இடங்களை எங்களால் தெளிவாகக் கேட்க முடிந்தது. வரிசை முற்றத்தின் அந்த ஓரத்தை எட்டியதும் ஆறு பேரும் நிமிர்ந்து நின்று குலவையிட்டார்கள். ஓட்டுக் கூரைக்குக் கீழே அந்தக் குலவை உடம்பைச் சிலிர்க்க வைத்தது.

பாட்டின் பொருளும் அங்கேயே வளர்ந்தது. கூலி நெல்லை அளக்கும்போது மேலே குவிவதைத் தட்டிவிட்டு, மரக்காலைத் தலைதட்டி அளக்கிற பண்ணைக் காரியக்காரரைக் கேலி செய்கிற பகுதியில், பழைய பெயருக்குப் பதிலாக எங்களிடையே இருந்த ஒரு வங்கி ஊழியரை ஆயா கொண்டுவந்து வைத்தார். அவர் போட்டிருந்த சட்டையின் நிறம் பாட்டுக்குள் வந்தது, நகைக்கடனும் வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரிக்கச் சிரிக்க அடுத்தடுத்து அடிகள் பிறந்தன. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், புகாரிலிருந்து புறப்பட்டுக் காவிரிக்கரை வழியே நடக்கிற கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரின் காதில் விழுகிற ஓசைகளை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார்: நாற்று முடியை அழுத்தி நடுகிற பெண்கள் கள்ளுண்டு களித்துப் பாடும் புதுப்பாட்டு, ஏரோடு நிற்பவர்களின் ஏர்மங்கலம், சூடடிக்கும் களத்தின் முகவைப் பாட்டு, கிணைப் பொருநரின் முழவு. அந்தப் பகுதியைப் பாடமாகப் படித்தபோது வெறும் வருணனையாகக் கடந்து போயிருக்கிறேன். அன்று அதே ஆற்றின் கிளை ஒன்றின் கரையில், நடுகிறவர்களின் புதுப்பாட்டும் தோற்கருவியும் ஒரே வீட்டுக்குள் ஒலித்தபோது, எத்தனை தலைமுறைகள் இதை வாயிலிருந்து வாய்க்கு வாங்கிக்கொண்டு வந்திருக்கின்றன என்ற எண்ணத்தில் நெஞ்சு நிறைந்தது.

ஆனால் இந்த நெகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாக இருக்காது. இடையில் காப்பி குடிக்கும்போது ஆயா கூடத்தின் தூண்களை அண்ணாந்து பார்த்தபடி, தம் தாயார் இதே வீட்டு நிலத்தில் பண்ணையாளாக இருந்ததையும், கொல்லைப்புறத்தைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை என்பதையும் சொன்னார். குரலில் கசப்பு இல்லை. தகவலைச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். நண்பர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல். அதற்குப் பின்னும் கூலி உயர்வு கேட்ட போராட்டங்களின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டு மாண்டார்கள். மரக்காலைத் தலைதட்டி அளப்பவரைக் கேலி செய்கிற அந்த அடிகள் வேடிக்கைக்காக உண்டானவை அல்ல. வாய்விட்டுக் கேட்க முடியாத ஒன்றைக் குனிந்த நிலையில், யார் சொன்னது என்று தெரியாதபடி, ஆறு பேராகச் சேர்ந்து சொல்லிவிடுவதற்கு அந்தப் பாட்டு இடம் கொடுத்திருக்கிறது. தப்புக்கும் இதே கதைதான். இழவு வீட்டில் அடிப்பது பிறவிக் கடமை என்று சுமத்தப்பட்ட காரணத்தால் இந்தத் தொழிலையே விட்டு விலகிய குடும்பங்கள் உண்டு. இன்று அதே கருவியைக் கல்லூரி மாணவர்களும் பெண்களும் விரும்பிக் கற்றுக்கொள்கிறார்கள். வந்திருந்த மூவரில் இளையவர் பட்டப்படிப்பு முடித்தவர்; அழைத்தால் சாவுக்கும் போவேன், ஆனால் கூப்பிடுகிற முறையில் கூப்பிட்டால்தான் போவேன் என்றார்.

பிறகு தாலாட்டு. பெண்களில் ஒருவர் மடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு பாடினார். தாய்மாமன் கொண்டு வரும் சீரெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பொன்னும் பட்டும் அந்த வீட்டுக்கு ஒரு போதும் வரப்போவதில்லை என்பது தெரிந்தேதான் அத்தனை விரிவாகப் பாடுகிறார்கள் என்று தோன்றியது. முன்னால் இருந்த குழந்தை ஒன்று உண்மையிலேயே உறங்கிவிட்டது.

தாலாட்டு முடிந்ததும் நண்பர்களில் ஒருவர் ஒப்பாரி கேட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்கு வைத்த வீட்டுக்குள் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று ஆயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதே நேரம், பாட மாட்டோம் என்றும் சொல்லவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு எல்லாரும் களத்துக்குப் போனோம். வைக்கோற்போருக்குப் பக்கத்தில் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டுத் தலைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். மேடையில் ஒப்பாரி பாடுகிறவர்கள் பார்வையாளர்களை நோக்கிப் பாடுவார்கள். இங்கே எங்களுக்குத் தெரிந்தது முதுகுகள்தாம். பாட்டு உள்நோக்கி, அவர்களுக்குள்ளேயே நடந்தது. ஆயா தம் தமையனுக்காகப் பாடினார். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றனவாம். பிறந்த வீட்டு வாசல், அண்ணிமார் முகம், கேட்டுக் கிடைக்காத ஒரு கொண்டைமாலை என்று ஒவ்வொரு கண்ணியும் நீண்டு, கடைசி எழுத்து விம்மலில் உடைந்து, மற்றவர்களின் குரல் அதைத் தாங்கிக்கொண்டது. சற்று முன் கேட்ட தாலாட்டின் மெட்டுக்கும் இதற்கும் உள்ள நெருங்கிய உறவு அந்தச் சிறிய இடைவெளியில் அடுத்தடுத்துக் கேட்டதால்தான் எனக்குப் பிடிபட்டது. இரண்டிலும் அடிகள் ஒரே விதமாகக் கீழ்நோக்கி இறங்கி வருகின்றன. தாலாட்டில் இறங்குகிற இடத்தில் அமைதி கிடைக்கிறது, ஒப்பாரியில் அங்கேதான் குரல் உடைகிறது. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. தட்டக் கூடாது என்று எவரும் சொல்லியிருக்கவும் இல்லை. பெண்கள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டுதான் மீண்டும் வீட்டுக்குள் வந்தார்கள்.

அதன் பிறகு ஒரு பெரியவர் தெம்மாங்கு பாடினார். மாட்டு வண்டி ஓட்டிய காலத்தில் இரவு முழுவதும் பாடிக்கொண்டே போன பாட்டுகள் என்றார். குரல் தளர்ந்திருந்தாலும் மெட்டு அசையவில்லை. உடுக்கையோடு ஒரு சாமி பாட்டும் இருந்தது.

டெல்டா என்றவுடன் இசை உலகம் நினைப்பது திருவையாற்றையும் திருவாரூரையும்தான். நினைக்க வேண்டியதுதான், சங்கீத மும்மூர்த்திகளும் பிறந்த ஊர் திருவாரூர், நாகசுரத்துக்குப் பேர்போனவை இந்தப் பக்கத்து ஊர்கள், நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்யும் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஆனந்தபைரவி, செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்ற ராகங்களின் வேர் நாட்டார் மெட்டுகளில் இருப்பதாக இசையறிஞர்கள் சொல்வதை, சபாக்களில் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். அந்த மெட்டுகளைப் பாடுகிறவர்கள் அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து கேட்பதில்லை.

அரசு விழாக்களும் பெரிய மேடைகளும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற விழாக்கள் கலைஞர்களுக்கு வருமானத்தையும் மதிப்பையும் தந்தன. நகரத்துப் பூங்காவில் தப்பொலி கேட்டது சிறிய விஷயமல்ல. ஆனால் மேடையில் ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் நடவு, தாலாட்டு, கும்மி எல்லாம் வர வேண்டும். கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்துகொள்ள, எல்லாப் பாட்டும் ஒரே வேகத்துக்கு வந்துவிடுகின்றன. முழங்கால் வலிக்கிற அக்காவுக்காக ஓர் அடியை இழுத்துப் பாட அங்கே வழியில்லை. வயலில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் கேட்டால் போதும், வீட்டில் தூளிக்கும் அடுப்படிக்கும் இடையில் கேட்டால் போதும் என்ற அளவில் பிறந்த பாட்டுகள் இவை. ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டும் என்று அவற்றை உருப்பெருக்கும்போது முதலில் அழிவது, பாடுகிறவருக்கும் எதிரில் இருப்பவருக்கும் இடையே நடக்கிற அந்தக் கொடுக்கல் வாங்கல். எனவே நாற்பது பேர் கூடுகிற முற்றத்தைப் பெரிய மேடைக்கு மாற்றாகக் கிடைத்த சிறிய இடமாக நான் கருதவில்லை. பாட்டின் அளவுக்குப் பொருந்துகிற இடமே அதுதான்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பாட்டு வயலைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. பாய் நாற்றங்கால் விட்டு இயந்திரத்தால் நடுவது பெருகிவிட்டது. மேட்டூர்த் தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் பலர் நேரடி விதைப்புக்குப் போய்விடுகிறார்கள். சில ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்து வருகிற ஆண்கள் குழு குழுவாக நடுகிறார்கள். அன்று பாடிய ஆறு பேரில் ஒருவருடைய மகள்கூட நடவுக்குப் போவதில்லை. ஆயாவின் பேத்தி கும்பகோணத்தில் செவிலியர் படிப்புப் படிக்கிறாள். அவள் படிக்கத்தான் வேண்டும். பாட்டு பிழைக்க வேண்டும் என்பதற்காக யாரும் நாள் முழுவதும் குனிந்து சேற்றில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட, கேட்டு மகிழ்ந்துவிட்டு எழுந்து போகிற எனக்கு எந்த உரிமையும் கிடையாது. வேலை போகட்டும், வேலையோடு வந்த பாட்டைக் கற்றுக்கொள்ள வேறோர் இடம் வேண்டும். அந்தப் பெண் அன்று கூடத்துத் தூணோரம் உட்கார்ந்து, பாட்டி பாடிய அடிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருந்தாள். புரியாத சொல் வந்தபோது பாட்டின் நடுவிலேயே “ஆயா, அது என்ன?” என்று கேட்டாள்; ஆயா பாடுவதை நிறுத்தி விளக்கிவிட்டு மறுபடி எடுத்தார். எங்களில் யாருக்கும் அது இடைஞ்சலாகத் தெரியவில்லை.

நடைமுறைச் செய்திகள் சிலவற்றையும் எழுத வேண்டும். இதுபோல் தங்கள் ஊரில் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும். வந்தவர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கி, கலைஞர்கள் அனைவருக்கும் சமமாக, நிகழ்ச்சி தொடங்கும் முன்பே கொடுத்துவிட்டார் நண்பர். சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பந்தி. கைப்பேசியில் பதிவு செய்யலாமா என்று பாடுகிறவர்களிடம் கேட்டதில், நடவுப் பாட்டுக்குச் சரி என்றார்கள். ஒப்பாரிக்குக் கூடாது என்றார்கள். களத்துக்குப் போனபோது கைப்பேசிகளெல்லாம் கூடத்திலேயே இருந்தன. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் அமைக்கப்பட்டது. தப்புக் கலைஞர்கள் மூவரும் அதன் உறுப்பினர் அட்டை வைத்திருந்தார்கள். பெண்களில் ஒருவரிடமும் இல்லை. நடவுக்குப் போகிறவர்கள் கலைஞர்கள் என்று அவர்களுக்கே தோன்றியதில்லை. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தருவதாக ஊர் ஆசிரியை ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டிருக்கிறார்.

அடுத்த கூடலைக் குறுவை அறுப்பு முடிந்து, தாளடி நடவு தொடங்குவதற்கு முன், புரட்டாசிக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் தப்பு சரியாகப் பேசாது என்பது மூத்த தப்புக் கலைஞரின் கவலை. ஆவணியிலேயே நடத்தலாம் என்கிறார் அவர். ஆவணியில் சம்பா நடவு, எங்களுக்கு ஒழியாது என்கிறார்கள் பெண்கள். தேதி இன்னும் முடிவாகவில்லை.